ஒரு தும்மலுக்கு இருபது குதிரைகள்

'போதும்' என்ற சொல் காதில் விழாத ஓர் இனம் இந்த உலகத்தில் இருக்கிறது. பேராசைக்காரர்களைச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பேராசைக்காரன் தனக்கு வேண்டியதைக் கேட்பான். இவர்கள் யாருக்கும் வேண்டாததை வாங்கி வைப்பார்கள். ஏன் என்று கேட்டால் இரண்டே சொல்லில் பதில் வரும்: "எதுக்கும் இருக்கட்டும்." அந்தப் பதிலையே பெயராக வைத்து இவர்களை எதுக்கும்-இருக்கட்டும்காரர்கள் என்று அழைப்போம். பெயர் கொஞ்சம் நீளம்தான். எதுக்கும் இருக்கட்டும்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு படி இறங்கி, திரும்ப ஏறி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்து, இப்போது இழுத்த இழுப்பில் பூட்டு கழன்றிருக்குமோ என்ற சந்தேகத்தில் மூன்றாவது முறையும் இழுப்பவர். பத்து மணி வண்டிக்கு எட்டு மணிக்கே போய் நின்று, முந்தின வண்டி கிளம்புவதைப் பார்த்து, "இதுலயே ஏறியிருக்கலாமோ?" என்று கலங்குபவர். சட்டைப் பையில் ஒரு பேனா, அது எழுதாவிட்டால் இன்னொரு பேனா, இரண்டும் எழுதாவிட்டால் பென்சில், பென்சில் முனை உடைந்தால் சீவ ஒரு பிளேடு, பிளேடு விரலைக் கிழித்தால் ஒட்ட ஒரு பிளாஸ்திரி. அப்படி என்னதான் எழுதப் போகிறார்? ஒரு கையெழுத்து.

இந்த இனத்தில் முற்றிய ரகம் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சொந்தப் பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவருக்கு இரும்பு வேலை செய்து கொடுக்கிற வெல்டர் வைத்த பெயர்தான் நிலைத்தது. எந்த வேலையைக் கொடுத்தாலும், "அதையே டபுளா போட்டுடுங்க" என்பார். அதனால் டபுள். நேரில் டபுள் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் டபுள். அவருக்கு இது தெரியும். வருத்தம் இல்லை. ஒரு பெயருக்கு இரண்டு பெயர் இருப்பது நல்லதுதானே?

டபுளின் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதற்குள் சலவைத்தூள் கலக்கும் தொட்டி. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளம், மேலே திறந்த வாய், உள்ளே நீளவாக்கில் ஒரு தண்டு, தண்டைச் சுற்றி நாடா போல முறுக்கிய இரும்புப் பட்டை. தண்டு சுற்றினால் பட்டை தூளைப் புரட்டும். அவ்வளவுதான் தொழில். மீதி எல்லாம் வீட்டம்மாவின் கை. எந்த மூட்டையிலிருந்து எத்தனை கை, நுரை மருந்து எப்போது, வாசனை எப்போது என்பதெல்லாம் அந்த அம்மாவின் உள்ளங்கைக்கு மட்டுமே தெரியும். டபுள் அங்கே முதலாளி. அதாவது, மூட்டை தூக்குவார்.

தொட்டியை ஓட்டிய பழைய மோட்டாருக்கு ஒரே வேகம். சுவிட்சைப் போட்டால் முழு ஓட்டம், அணைத்தால் நிற்கும், நடுவில் எதுவும் அதற்குத் தெரியாது. சுவிட்சைப் போட்டதும் பட்டை துள்ளும், தூள் எழும்பும், ஷெட் வெள்ளையாகும், அந்த வெள்ளைக்குள்ளிருந்து வீட்டம்மாவின் தும்மல் கேட்கும். அது தனியாக வருகிற தும்மல் இல்லை, குடும்பத்தோடு வருவது. முடிந்துவிட்டது என்று நம்பி நீங்கள் பேச வாயெடுத்தால் உங்கள் வாக்கியத்தின் நடுவில் வந்து ஒன்று உட்காரும். மூக்கில் துணி கட்டிப் பார்த்தார்கள். டபுள் தன் கையாலேயே, துணியை மடித்து, மடித்ததை மறுபடி மடித்து இறுக்கிக் கட்டிவிட்டார். தும்மல் நின்றது. மூச்சும் நின்றது. அவசரமாக அவிழ்த்தார்கள்.

ஒருநாள் தும்மிக்கொண்டே ஷெட்டை விட்டு வெளியே வந்த வீட்டம்மா, படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என்னங்க, காது கொடுத்துக் கேளுங்க. மெதுவா ஆரம்பிச்சு அப்புறமா வேகம் எடுக்கிற மோட்டார் இருக்காம். குமிழைத் திருகினா வேகம் கூடுமாம், குறையுமாம். அதை வாங்கி மாட்டுங்க. அதுவரைக்கும் இந்த ஷெட்டுக்குள்ள நான் காலெடுத்து வைக்கிறதா இல்ல."

"நீ வரலைன்னா யாரும்மா கலக்குறது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

டபுள் தானே கலந்து பார்த்தார். நுரை மருந்தை அளந்து போட்டார். பிறகு, எதுக்கும் இருக்கட்டும் என்று ஒரு கை. அந்தக் கை சின்னக் கையாக இருந்ததோ என்று இன்னொரு கை. அந்தத் தூளை வாங்கியவர்கள் துவைக்க ஆரம்பித்தபோது நுரை வாளியில் ஏறி, வாளியை விட்டு இறங்கி, குளியலறையைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தது. அலசினார்கள், அலசினார்கள், கொடியில் காயப் போட்ட பிறகும் சட்டைக் கைகள் நுரை தள்ளிக்கொண்டிருந்தன. சரக்கெல்லாம் திரும்பி வந்தது. ஷெட்டைப் பூட்டினார். (இழுத்தும் பார்த்தார்.) வீட்டம்மா திரும்ப உள்ளே வந்தால்தான் இனித் தொழில். அவர் வர வேண்டுமென்றால் மெதுவாக எழுந்திருக்கிற ஒரு மோட்டார் வேண்டும்.

எளிய விஷயம் இல்லையா? எளிய விஷயங்கள்தான் இந்த இனத்தாரிடம் வகையாக மாட்டும்.

முதலில், தொட்டியைச் செய்த வெல்டரிடம் போனார். வெல்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தொட்டி இவ்வளவு, தூள் இவ்வளவு, மூன்று ஹெச்பி தாராளம். ஹெச்பி என்பது மோட்டாருக்குள் எத்தனை குதிரை கட்டியிருக்கிறது என்கிற கணக்கு. மூன்று குதிரை போதும் என்று மனசு சொல்லிற்று. வாய் என்ன சொல்லிற்று?

"அஞ்சு போட்டுக்கங்க சார். எதுக்கும் இருக்கட்டும்."

அடுத்து மைத்துனர். வீட்டம்மாவின் தம்பி, எலக்ட்ரீஷியன். மோட்டாரை மாட்டப் போவதே அவர்தான்.

"வெல்டர் அஞ்சுன்னு சொன்னாரா? அவருக்கு இரும்பைப் பத்தித்தான் தெரியும் மாமா. தூள்ல ஈரம் ஏறி இறுகிப்போச்சுன்னா? ஏழரை போடுங்க."

"ஏழரையா? ஏன்டா மாப்ள, ஏழரையை நானே காசு கொடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வரணுமா?"

"அப்ப பத்து."

"பத்து நல்ல நம்பர்."

பத்தைச் சுமந்துகொண்டு மோட்டார் கடைக்குப் போனார். கடைக்காரர் தன்மையான மனிதர். யாரையும் ஏமாற்ற மாட்டார். ஆனால் தன் கடையில் வாங்கிய மோட்டார் திணறியது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு உண்டு.

"பத்து தரலாம் சார். ஆனா மெதுவா ஓட்டப் போறேங்கறீங்க. மோட்டார் மெதுவா ஓடினா அதோட வால்ல இருக்கிற காத்தாடியும் மெதுவாத்தானே சுத்தும்? காத்து பத்தாது, சூடாகும். பதினஞ்சுன்னா சூடே தெரியாது. எதுக்கும் இருக்கட்டுமே."

இந்த இடத்தில் டபுளின் நெஞ்சுக்குள் நாம் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அவர் மூடர் இல்லை. கடை நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகத்தான் யோசித்தார். வெல்டர் விஷயம் தெரிந்தவர், மைத்துனர் விஷயம் தெரிந்தவர், கடைக்காரரும் அப்படியே. மூன்று பேரும் சேர்ந்து தேவை பதினைந்து என்று சொல்லிவிட்டார்கள். சரி, அது தேவை. ஆனால் பாதுகாப்புக்கு என்று இன்னும் யாருமே எதையும் சேர்க்கவில்லையே?

இதுதான் இந்த இனத்தின் விசேஷம். தான் சொன்ன 'எதுக்கும் இருக்கட்டும்'தான் உலகத்தில் சொல்லப்பட்ட முதல் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒவ்வொருவரும் நம்புவார்.

அதோடு, அவருக்குப் படியில் உட்கார்ந்து முகம் துடைத்த மனைவி ஞாபகத்துக்கு வந்தார். மூக்கு நுனி சிவந்து, கண் கலங்கி. இந்த முறை ஒரு தும்மல்கூட மிஞ்சக் கூடாது.

"பதினஞ்சுக்கு அடுத்தது என்ன?"

"இருபது சார்."

"அதைப் போடுங்க."

இருபது குதிரைகளும் லாரியில் வந்து இறங்கின. சமையலறை ஜன்னலிலிருந்து வீட்டம்மா குரல் கொடுத்தார்: "என்னங்க, லாரி வந்து நிக்குது. பக்கத்துல யாராவது ஆலை கட்டுறாங்களா?"

"நமக்குத்தாம்மா."

"நாம எப்பங்க ஆலை கட்டினோம்?"

ஷெட்டின் கதவு வழியாக மோட்டார் போகவில்லை. கதவை எடுத்தார்கள், போகவில்லை. நிலையை எடுத்தார்கள், போகவில்லை. கடைசியில் சுவரில் ஒரு பங்கை எடுத்தார்கள். எதுக்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பங்கையும் எடுத்தார்கள். உள்ளே கொண்டுபோய்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்ததும் எல்லோரும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மோட்டார் வாங்கினால் தொட்டி இலவசம் என்று கடையில் கொடுத்தது போலிருந்தது.

டபுள் அதோடு நிற்கிறவரா? வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற டிரைவ் பெட்டியை யாராவது தெரியாமல் தொட்டுவிட்டால்? அதைச் சுற்றி ஓர் இரும்புப் பெட்டி, அதற்கு இரண்டு பூட்டு. ஆபத்தென்றால் அமுக்குகிற சிவப்புப் பொத்தானை யாராவது ஆபத்தில்லாதபோது அமுக்கிவிட்டால்? அதற்கும் ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. கலவையின் நடுவில் கரண்ட் போய்விட்டால்? வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர், கரண்ட் போன உடனே யாரும் தொடாமல் தானாகக் கிளம்புகிற மாதிரி. தொட்டி ஆடினால்? வெல்டர் தரையில் குழி எடுத்து, முழங்கை நீளத்துக்குப் போல்ட்டுகளை இறக்கி, கான்கிரீட் ஊற்றினார்.

"இனி பூமி ஆடினாத்தான் சார் இது ஆடும்."

"அதுக்கும் ஏதாவது செய்ய முடியுமா?" என்று டபுள் கேட்டார். வெல்டர் சிரித்தார். டபுள் சிரிக்கவில்லை.

ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. வீட்டம்மா ஷெட் வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே இரண்டு காலையும் வைத்துக்கொண்டு, முந்தானையை மூக்கருகே தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றார். தொட்டி நிறையத் தூள். சொல்ல வேண்டுமா, வழக்கத்துக்கு மேல் ஒரு மூட்டை.

மைத்துனர் சுவிட்சைப் போட்டார். போட்டதை யாரும் தெரியாமல் அணைத்துவிடக் கூடாதென்று டபுள் அதன்மேலும் ஒரு மூடியை மாட்டிப் பூட்டினார். மோட்டார் 'உம்ம்ம்' என்றது. தரை லேசாக அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போனது. எல்லோரும் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார்கள். தூள் எழும்பவில்லை. ஒரு பொட்டு எழும்பவில்லை.

டபுளின் முகத்தில் வெற்றி பரவியது. "பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் வீட்டம்மா. "எப்ப ஓட்டப் போறீங்க?"

"ஓடிட்டிருக்கு."

"எது?"

"பட்டை. உத்துப் பாரு, நகருது."

வீட்டம்மா கழுத்தை மட்டும் உள்ளே நீட்டி உற்றுப் பார்த்தார். வெல்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மைத்துனர் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். நகர்கிறது என்று ஒருவர், நகர்வது போலத் தெரிகிறது என்று ஒருவர். சுவர்க் கடிகாரத்தில் சின்ன முள் நகர்வதை யாராவது பார்த்திருக்கிறார்களா? ஆனால் மத்தியானம் வரத்தானே செய்கிறது.

"ஏன்டா தம்பி, இது ஏன் இப்படி ஓடுது?" என்று வீட்டம்மா கேட்டார்.

மைத்துனர் தலையைச் சொறிந்தார். "இல்லக்கா... உனக்குத் தும்மல் வரக் கூடாதேன்னு டிரைவ்ல வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பூட்டி வச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு."

"கொஞ்சம் குறைச்சா இவ்வளவுதான் ஓடுமா?"

இப்போது வெல்டர் தொண்டையைச் செருமினார். "நானும் தண்டுல ஒரு பெரிய சக்கரமா மாட்டினேன்மா. சக்கரம் பெருசானா சுத்து மெதுவாகும். தம்பி ஏற்கனவே குறைச்சிருக்காருன்னு எனக்குத் தெரியாது."

"வெல்டர் சக்கரம் போட்டது எனக்குத் தெரியாதுக்கா."

டபுள் தரையைப் பார்த்தார். கடையில் கியர் பெட்டி வாங்கும்போது, 'வீட்டம்மாவுக்குத் தும்மல்' என்று அவர் சொன்னதைக் கேட்டு உருகிப்போன கடைக்காரர், இருப்பதிலேயே வேகத்தை மிக அதிகமாகக் குறைக்கிற கியர் பெட்டியாகத் தேடி எடுத்துக் கொடுத்திருந்தார். அதற்கு அடுத்த ரகம் உண்டா என்று கேட்டு அதை வாங்கியவர் டபுள்.

ஆக, பலத்தில் நாலு பேர் தனித்தனியே கூட்டியிருந்தார்கள், வேகத்தில் அதே நாலு பேர் தனித்தனியே குறைத்திருந்தார்கள். இருபது குதிரைகளும் சேர்ந்து ஒரு நத்தையை இழுத்துக்கொண்டிருந்தன. அல்லது, ஒரு நத்தைக்கு இருபது குதிரைகளின் பலம் வந்திருந்தது. இந்த இரண்டில் எது ஆபத்து என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

"சரி, பெட்டியைத் திறந்து வேகத்தைக் கூட்டுடா" என்றார் வீட்டம்மா.

"சாவி மாமாகிட்ட."

"சாவி வீட்டுல பத்திரமா இருக்கு. எடுத்துட்டு வரேன்" என்றார் டபுள். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. ஓடுகிறதை ஓடவில்லை என்கிறார்களே. மூலையில் கிடந்த இரும்பு அகப்பையை எடுத்தார். தூள் அள்ளுகிற கனத்த அகப்பை. நல்ல கெட்டித் தகட்டில் அவரே சொல்லிச் செய்தது. அதைத் தொட்டிக்குள் பட்டைக்கு முன்னால், தொட்டியின் சுவரில் சாய்த்து நிறுத்தினார். "அடையாளத்துக்கு இது. நான் வரதுக்குள்ள பட்டை இதைத் தொட்டிருக்கும். அப்ப ஒத்துக்குவீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

பட்டை அகப்பையைத் தொட்டது. அதில் டபுளின் வாக்கு பொய்க்கவில்லை. தொட்டு, தள்ளி, தொட்டிச் சுவரோடு சேர்த்து அழுத்த ஆரம்பித்தது.

"டேய், அகப்பை மாட்டிக்கிச்சு. நிறுத்துடா!" என்றார் வீட்டம்மா.

மைத்துனர் சிவப்புப் பொத்தானுக்கு ஓடினார். மூடி. மூடியில் பூட்டு. "மாமா! சாவி!"

"தேடிட்டிருக்கேன்!" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. சாவி பத்திரமான இடத்தில்தான் இருந்தது. எந்த இடம் பத்திரம் என்று முடிவு செய்தோம் என்பதுதான் அவருக்கு மறந்துவிட்டது.

"டூப்ளிகேட் சாவி இல்லையா?"

"இருக்கு! எதுக்கும் இருக்கட்டும்னு பெட்டிக்குள்ளயே ஒண்ணு வச்சிருக்கேன்!"

"எந்தப் பெட்டிக்குள்ள?"

"பூட்டியிருக்கே, அந்தப் பெட்டிக்குள்ள!"

மைத்துனர் ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கினார். வீட்டில் விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, மோட்டாரும் நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். ஜெனரேட்டர் தானாகக் கிளம்பியது. யாரும் தொடவில்லை. சொன்னபடி நடந்துகொண்டது. அதன் மூடியிலும் டபுளின் பூட்டு தொங்கியது. மோட்டார் மறுபடியும் 'உம்ம்ம்' என்றது.

மற்ற விபத்துகள் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். இந்த விபத்துக்கு அவசரமே இல்லை. ஆற அமர நடந்தது. அகப்பை வளையுமா, தொட்டி வளையுமா என்று வெல்டரும் மைத்துனரும் விவாதிக்க நேரம் இருந்தது. அகப்பை வளையாது என்று வெல்டர் உறுதியாகச் சொன்னார், தகடு அவர் போட்டது. தொட்டியும் வளையாது, அதற்கு உள்ளே ஒரு தகடு வெளியே ஒரு தகடு. இரண்டும் வளையாவிட்டால் என்ன ஆகும் என்று மைத்துனர் கேட்டார். வெல்டர் யோசித்தார். பட்டையும் அகப்பையும் தொட்டியும் இப்போது ஒன்றாகப் பூட்டிக்கொண்டு ஒரே உருப்படி ஆகிவிட்டன, பட்டை சுற்றினால் தொட்டியும் கூடவே சுற்ற வேண்டியதுதான் என்றார்.

"ஆனா சுத்தாது தம்பி. அடியில போல்ட் இருக்கு. முழங்கை நீளம்."

போல்ட்டுகள் விட்டுக்கொடுக்கவில்லை. அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. தரைதான் விட்டுக்கொடுத்தது. கான்கிரீட் முதலில் ஒரு கோடு விட்டது. பிறகு இன்னொரு கோடு. பிறகு, தூங்குகிற ஆள் போர்வையோடு புரண்டு படுப்பது போல, தொட்டி தன் அடியிலிருந்த தரையையும் வாரிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. சாய்ந்தது, சாய்ந்தது, சாய்ந்துகொண்டே இருந்தது. வெல்டர் தோளைக் கொடுத்துத் தடுத்துப் பார்த்தார். இருபது குதிரைகளுக்கு எதிரே ஒரு வெல்டர். மரியாதையாக விலகிக்கொண்டார்.

அந்த நேரத்தில் டபுள் சாவிக்கொத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!" கொத்தில் அந்த வீட்டில் இதுவரை வாங்கிய எல்லாப் பூட்டின் சாவியும், தொலைந்துபோன பூட்டுகளின் சாவியும் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கப் பார்க்க, தொட்டி குப்புறக் கவிழ்ந்து, அத்தனை தூளையும், குழந்தையைக் கட்டிலில் இறக்கி விடுகிற நிதானத்தோடு, ஷெட் வாசலை நோக்கிச் சரித்தது. தூள் வழிந்து வந்து வாசற்படியில் நின்றது. வீட்டம்மாவின் கால் விரல்வரை வந்து நின்றது.

பூட்டு திறந்தது. மைத்துனர் பொத்தானை அமுக்கினார். மோட்டார் நின்றது.

எல்லோரும் வீட்டம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தும்மல் வரவில்லை.

வீட்டம்மா முந்தானையை மெல்ல இறக்கினார். மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சாய்ந்த தொட்டியை, பெயர்ந்த தரையை, உடைந்த சுவரை, கையில் சாவிக்கொத்தோடு நின்ற கணவரை வரிசையாகப் பார்த்தார்.

"ஒண்ணு ஒத்துக்கணும்" என்றார். "ஒரு பொட்டு தூள் பறக்கல."

டபுளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உனக்காகத்தாம்மா..."

"தெரியும். அதனாலதான் இன்னும் திட்டாம நிக்கிறேன். தம்பி, வெல்டரண்ணே, ரெண்டு பேரும் இங்க வாங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. இந்தத் தொட்டிக்கு நெஜமா எவ்வளவு போதும்? எதுக்கும் எதுவும் வேண்டாம். போதுங்கறது எவ்வளவு?"

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டு, "மூணு" என்றார். திருட்டை ஒப்புக்கொள்கிற குரல்.

"நாளைக்குக் கடைக்கு நான் வரேன். நீங்களும் வாங்க" என்று டபுளிடம் சொன்னார். "ஆனா வாயைத் திறக்கக் கூடாது."

மறுநாள் கடையில் வீட்டம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். டபுள் பின்னால் நின்றார், உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு.

"மூணு ஹெச்பி. அதுக்கேத்த டிரைவ். மெதுவா ஆரம்பிக்கணும், போகப் போக வேகம் எடுக்கணும், குமிழ் என் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்" என்றார்.

"மூணாம்மா?" கடைக்காரரின் முகத்தில் உண்மையான கவலை. "தரேன். ஆனா எதுக்கும் ஒரு..."

வீட்டம்மா பார்த்தார். அவ்வளவுதான். கடைக்காரர் வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய் மூன்றை எடுத்து வந்தார். டபுளின் தொண்டைக்குள் 'அஞ்சு' என்ற சொல் ஏறி வந்தது. விழுங்கினார். 'நாலாச்சும்' என்று ஒன்று வந்தது. அதையும் விழுங்கினார். இந்த இனத்தாருக்கு இதைவிடப் பெரிய தவம் கிடையாது. நெற்றியில் வியர்த்துவிட்டது.

எல்லாம் முடிந்து கடைப் படியிறங்கிய வீட்டம்மா ஒரு படியில் நின்றார். என்னவோ யோசித்தார். திரும்பி மேலே ஏறிக் கடைக்காரரிடம் போனார்.

"ஏங்க, இந்தத் திருகுற குமிழ் மட்டும் தனியாக் கிடைக்குமா?"

"கிடைக்கும்மா. ஆனா அது லேசுல உடையாதே?"

"உடையாதுன்னு தெரியும்." வீட்டம்மா குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். "எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

டபுள் அப்படியே நின்றுவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வாயிலிருந்து வராதா என்று அவர் காத்திருந்த வாக்கியம். கடைக்காரர் அவரைப் பார்த்தார். அவர் கடைக்காரரைப் பார்த்தார். டபுளால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

"ரெண்டா வாங்கிக்கலாமே" என்றார்.

"வாயை..." என்றார் வீட்டம்மா.

"மூடிட்டேன்."

தரையையும் சுவரையும் மறுபடி கட்டி, தொட்டியை நிமிர்த்தி, இப்போது ஷெட் ஓடுகிறது. காலையில் வீட்டம்மா உள்ளே போய்க் குமிழை லேசாகத் திருகினால், பட்டை சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, தூளை ஒரு புரட்டுப் புரட்டி, அப்புறம் கேட்ட வேகத்துக்குப் போகிறது. தும்மல் எப்போதாவது ஒன்று வரும், தனியாக. நுரை வாளிக்குள்ளேயே இருக்கிறது. அந்த இன்னொரு குமிழ் அலமாரியில் பஞ்சு சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால் வீட்டம்மா பேச்சை மாற்றிவிடுவார். இருபது குதிரை மோட்டாரை வெளியே கொண்டுபோக மறுபடியும் சுவரை எடுக்க வேண்டும் என்பதால் மூலையிலேயே கிடக்கிறது. அதன்மேல் கையுறைகளைக் காயப் போடுகிறார்கள். விற்றுவிடலாமே என்று மைத்துனர் ஒருமுறை சொன்னார். டபுள் என்ன பதில் சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் ஓர் இழுப்பறை இருக்குமே, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவியும், எந்தச் சட்டையிலும் இல்லாத பொத்தானும், எப்போதோ தூக்கிப் போட்ட ரேடியோவின் ஒயரும் கிடக்கிற இழுப்பறை? அது டபுளின் வீட்டு இழுப்பறை என்று சொல்லிவிடப் போகிறீர்களா? இன்று காலை வெளியே கிளம்பும்போது பூட்டை ஒரே ஒருமுறைதான் இழுத்தீர்களா?

சரி, விடுங்கள். படித்து முடித்துவிட்டீர்கள். மோட்டார் வாங்குகிற எண்ணமும் உங்களுக்கு இல்லை. இந்தப் பக்கத்தால் இனி உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. கிழித்துத் தூக்கிப் போட்டுவிடலாம்.

போடுங்களேன், பார்ப்போம்.